மின்மண்டலம் கண்ட மேதை மைக்கல் பரடே

குடிப்பெருமை, பொருள்வளம், பெரிய கல்லூரிப் படிப்பு ஆகிய மூன்றும் வாய்த்தோர் பெரும்பணி செய்து புகழெய்துதல் வியப்பன்று. இம்மூன்றில் ஒன்றேனும் வாய்க்காத ஒருவர், தம் காலத்துப் பேரறிஞர் பலரும் வெறும் வெளி என்று தள்ளிய இடத்திலே இயற்கையின் பெரிய உண்மையொன்று உறைவதைக் கண்டார். கண்டதைத் தாம் அறிந்த எளிய முறையிலேயே உலகுக்கு எடுத்துரைத்தார். அவர் கூறியதன் முழுப் பொருளை உலகம் உணர்வதற்கு ஒரு தலைமுறை சென்றது. அப்பெரியார் இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி மைக்கல் பரடே ஆவார். காந்தத்தின் துணையால் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் வழியைக் காட்டியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். மின்னேற்றம் பெற்ற பொருளைச் சூழ்ந்த வெளியெங்கும் விசை பரந்து நிற்கின்றது என்னும் மின்மண்டலக் கொள்கைக்கு வித்திட்டவரும் அவரே. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று.

வறுமையில் வளர்ந்த பிள்ளை

பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22ஆம் நாள் இலண்டன் நகரின் தென்புறத்திலுள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஒரு கொல்லர். நோயின் காரணமாக அடிக்கடி வேலைக்குச் செல்ல இயலாதவர். பிள்ளைகள் நால்வர். 1801ஆம் ஆண்டிலே தானிய விலை மிக ஏறியபோது சிறுவன் மைக்கலுக்கு வாரத்துக்கு ஒரு பாணே பங்காகக் கிடைத்தது. அதனை அவன் ஏழு நாளும் வைத்து உண்ணவேண்டியிருந்தது. பள்ளியில் அவன் கற்றவை எழுத்து, வாசிப்பு, சிறிதளவு கணக்கு என்பனவே. அக்குடும்பம் சாண்டமேனியர் என்னும் சிறிய கிறித்தவ சபையைச் சேர்ந்தது. பொருள் சேர்ப்பதையும் பெருமை பாராட்டுவதையும் பெரிதாக மதியாத அச்சபையின் ஒழுக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

பதின்மூன்றாவது வயதில், 1804ஆம் ஆண்டில், ரீபோ என்னும் புத்தக வியாபாரியிடம் பத்திரிகைகளைக் கொண்டு சென்று கொடுக்கும் பையனாக அவன் வேலைக்கமர்ந்தான். அடுத்த ஆண்டில் அக்கடையிலேயே புத்தகங் கட்டும் தொழில் பழக ஏழாண்டுக்கு ஒப்பந்தமாயிற்று. பையனின் நல்லொழுக்கத்தைக் கண்ட ரீபோ, பழகுவோர் வழக்கமாகக் கொடுக்க வேண்டிய பணத்தையும் வாங்கவில்லை. கட்டுவதற்கு வந்த நூல்களைப் பகலிலே கட்டினான். ஓய்ந்த வேளையிலே அவற்றைப் படித்தான். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒருநாள் அவன் கையிலகப்பட்டது. ஜேன் மார்செற் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் கிடைத்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், தன் சிறு வருவாய்க்கு இயன்ற போத்தல்களையும் கம்பிகளையும் வாங்கிச் செய்து பார்த்தான். கண்ணாற் கண்டு கையாற் செய்து தெளியாத எதனையும் ஏற்பதில்லை என்னும் வழக்கம் அக்கடையின் பின்னறையிலே தோன்றியதாகும்.

டேவியாரின் மாணவர்

1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வில்லியம் டான்ஸ் என்னும் பெரியவர், இளைஞரின் ஆர்வத்தைக் கண்டு, றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் நிலையத்தில் சேர் ஹம்பிரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்க நான்கு நுழைவுச் சீட்டுக்களைக் கொடுத்தார். பரடே அந்நான்கையும் கேட்டுக் குறிப்பெடுத்தார். பின்னர் அக்குறிப்புகளை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தாமே அழகாகக் கட்டி டேவியாருக்கு அனுப்பினார். விஞ்ஞானத்துறையில் எத்துணைச் சிறிய வேலையாயினும் தரும்படி வேண்டிக்கொண்டார். புத்தகங் கட்டும் தொழிலை விடாதிருப்பதே நலம் என்று டேவியார் முதலில் அறிவுரை கூறினார். ஆயினும் இளைஞரை அவர் மறக்கவில்லை. ஆய்வுகூட உதவியாளரின் இடம் வெறிதானபோது, ஓரிரவு பரடே உறங்கப் போகும் வேளையில், டேவியாரின் வண்டி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. 1813ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி பரடே அந்நிலையத்தின் உதவியாளரானார். சம்பளம் வாரத்துக்கு 25 சிலிங். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள்.

அவ்வாண்டு இறுதியில் டேவியாருடன் ஐரோப்பியப் பிரயாணம் சென்றார். பாரிசில் அம்பியரையும் மிலானில் முதியவராயிருந்த வோல்ற்றாவையும் காணும் பேறு கிடைத்தது. பல்கலைக்கழகம் செல்லாத பரடேக்கு அப்பிரயாணமே பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் வழியெங்கும் டேவியாரின் மனைவியார் அவரை ஒரு வேலைக்காரனாகவே நடத்தினார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று எண்ணுமளவுக்கு அவர் மனம் நொந்தார். கற்கவேண்டும் என்னும் ஆவல் அந்நோவையும் பொறுக்கச் செய்தது.

1821ஆம் ஆண்டில் அவர் சாறா பார்னார்ட் என்னும் பெண்மணியை மணந்தார். அவ்வாண்டே, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டினார். அதுவே மின்மோட்டாரின் முன்னோடி. அவ்வெற்றியோடு ஒரு பழியும் வந்தது. வொலஸ்டன் என்னும் மூத்த விஞ்ஞானி முன்னரே ஆராய்ந்து கொண்டிருந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டார் என்று சிலர் பேசலாயினர். சுழற்சியைக் கண்ட முறை பரடேயினுடையதே. எனினும் வொலஸ்டனின் முயற்சியைக் குறிப்பிடாமல் கட்டுரையை வெளியிட்டமை அவதூறுக்கு இடந்தந்தது. 1823ஆம் ஆண்டில் றோயல் சொசைற்றியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராயிருந்த டேவியாரே எதிர்த்தார். ஆயினும் பரடே தெரிவானார். தம்மை உயர்த்திய கையே தம்மைத் தடுத்ததை எண்ணி அவர் வருந்தினார். ஆனால் தம் ஆசானைப் பற்றிப் பிற்காலத்தில் நன்றியோடன்றி வேறுவிதமாகப் பேசியதில்லை.

வெளியிலே நிற்கும் விசை

1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் நாள், இரும்பு வளையமொன்றிற் சுற்றிய இரு கம்பிச் சுருள்களைக் கொண்டு காந்தத்தால் மின்னோட்டம் பிறத்தலைக் கண்டார். மின்பிறப்பாக்கியும் மாற்றியும் அதன் வழிவந்தவை. இச்செய்தியைப் பாடநூல்கள் விரித்துரைப்பதால் இங்கே அதனை நீட்டவில்லை. அடுத்த ஆண்டுகளில் அவர் செய்த வேறொரு பணியையே ஊன்றி நோக்கவேண்டும்.

சீப்பினாலே தலைமயிரை வாரிவிட்டு அதனைக் கடதாசித் துண்டுகளின் அருகே பிடித்தால் அவை துள்ளி எழுந்து ஒட்டிக்கொள்ளும். சீப்பு கடதாசியைத் தொடவில்லை. தொடாத பொருளை அது எவ்வாறு இழுக்கின்றது? 1785ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கூலோம் என்பார் இரு மின்னேற்றங்களுக்கிடையிலுள்ள விசையை அளந்தார். இடைத்தூரம் இருமடங்கானால் விசை நாலிலொன்றாகும் என்று கணித்தார். கணக்கு மிகப் பொருத்தமாயிருந்தது. ஆகவே, ஓர் ஏற்றம் மற்றோர் ஏற்றத்தை இடையிலே எதுவுமின்றித் தூரத்திலிருந்தே தாக்குகின்றது என்று அறிஞர் கொண்டனர். இடைவெளிக்கு அங்கே வேலையில்லை என்றனர்.

பரடேக்கு அவ்விடை நிறைவு தரவில்லை. கிணற்றினுள்ளே கிடக்கும் வாளியை மேலே நிற்பவன் இழுக்கவேண்டுமானால் துலாக்கொடி வேண்டும். கொடியின் ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியை இழுக்கும். இறுதியில் வாளி மேலெழும். மின்விசைக்கும் அத்தகைய கொடி ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். காந்தத்தின்மேற் காகிதத்தை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் தூள் வளைந்த கோடுகளாய் அமைவதை அவர் பலமுறை கண்டிருந்தார். மின்னேற்றத்தைச் சூழவும் அவ்வாறே விசைக்கோடுகள் உள்ளன என்று கொண்டார். நேரேற்றத்திலிருந்து புறப்பட்டு மறையேற்றத்தில் முடியும் அக்கோடுகள் எங்கே நெருங்கியிருக்கின்றனவோ அங்கே விசை வலியது. எங்கே விலகியிருக்கின்றனவோ அங்கே மெலியது.

எண்ணியதைச் சோதனையினால் நிறுவுவதே அவர் முறை. 1836ஆம் ஆண்டில் றோயல் இன்ஸ்ரிரியூஷனின் விரிவுரை மண்டபத்திலே, பக்கமொன்று 12 அடி கொண்ட சதுர அறையொன்றை மரச்சட்டங்களால் அமைத்தார். அதனைக் கம்பியாலும் கடதாசியாலும் வெள்ளீயத்தகட்டாலும் மூடி, நிலத்தோடு மின்தொடர்பின்றி உயர்த்தி வைத்தார். பெரிய மின்பொறியினால் அவ்வறைக்கு மின்னேற்றம் ஊட்டினர். புறச்சுவரிலிருந்து தீப்பொறிகள் பறந்தன. பரடே மெழுகுவர்த்தியையும் நுண்ணிய மின்காட்டிகளையும் எடுத்துக்கொண்டு அறையினுள்ளே சென்றிருந்தார். உள்ளே எக்கருவியும் சிறிதும் அசையவில்லை. கடத்தியின் மேலுள்ள ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளி, உள்ளே விசை எஞ்சாதவாறு புறப்பரப்பிலே தங்கிவிடுகின்றன என்பது விளங்கிற்று. மின்னல் தாக்கும் வேளையில் மோட்டார் வண்டியின் உலோகக் கூட்டினுள்ளே இருப்பவர் பெரும்பாலும் தப்புவதற்கும் இதுவே காரணம். அக்கூடு இன்றும் பரடே கூடு எனப்படுகிறது.

அடுத்த ஆண்டில் இடைவெளியையே ஆராய்ந்தார். ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த இரு பித்தளைக் கோளங்களைக் கொண்ட கருவிகள் இரண்டைச் செய்தார். இரண்டும் எல்லா வகையிலும் ஒத்தவை. ஒன்றிலே கோளங்களுக்கிடையே காற்றை விட்டார். மற்றதிலே அரக்கை வைத்தார். ஒன்றுக்கு ஊட்டிய ஏற்றத்தை மற்றதோடு பகிர்ந்தபோது அரக்குள்ள கருவி கூடிய பங்கைக் கொண்டது. கண்ணாடிக்கும் கந்தகத்துக்கும் இவ்வாறே வேறுபாடு இருந்தது. இடையிலுள்ள பொருளுக்கு வேலையே இல்லையாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இடைப்பொருள் விசையைத் தாங்கி நிற்பதில் பங்குகொள்கின்றது என்பதற்கு இது வலிய சான்றாயிற்று. மின்னைச் சேமிக்கும் கொள்ளளவத்தின் அலகுக்கு அவர் பெயரால் பரட்டு என்று பெயரிட்டமை இதனை நினைவூட்டுகிறது.

1843ஆம் ஆண்டிற் செய்த மற்றொரு சோதனை எளிமைக்கே இலக்கணம். பனிக்கட்டி வைக்கும் உலோக வாளியொன்றைக் காவலியின்மேல் வைத்து, அதன் வெளிப்புறத்தைப் பொன்னிலை மின்காட்டியோடு தொடுத்தார். ஏற்றம் பெற்ற பித்தளைக் குண்டொன்றைப் பட்டு நூலிற் கட்டி வாளியினுள்ளே இறக்கினார். இறங்க இறங்கப் பொன்னிலைகள் விரிந்தன. ஓர் ஆழத்துக்குப் பின் குண்டை எங்கே நகர்த்தினாலும் விரிவு மாறவில்லை. குண்டு வாளியின் அடியைத் தொட்டபோதும் மாறவில்லை. வெளியே எடுத்தபோது குண்டிலே ஏற்றம் சிறிதுமில்லை. வாளியின் உட்புறத்திலே தூண்டப்பட்ட ஏற்றம் குண்டின் ஏற்றத்துக்குச் சரியாக நிகரானது. ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் தொடங்கினவோ அத்தனையும் மறுபக்கத்தில் முடிந்தன. கூட்டல் கழித்தலுக்கு மேற்பட்ட கணிதம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

கல்லாத கணிதமும் கற்றோரின் ஐயமும்

அக்குறையையே அறிஞர் சுட்டிக்காட்டினர். கூலோமின் விதி எண்ணாற் பேசிற்று. பரடேயின் கோடுகள் படத்தாற் பேசின. 1845ஆம் ஆண்டில், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற இளைஞர் வில்லியம் தொம்சன், பரடேயின் சோதனைகளும் கூலோமின் கணக்கும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று காட்டினார். ஆயினும் 1855ஆம் ஆண்டிலே கூட, அரச வானியலாளரான ஏயரி போன்ற பெரியோர், தெளிவான கணக்கு இருக்கத் தெளிவற்ற கோடுகளை ஏற்பதற்கு நியாயமில்லை என்றே கருதினர்.

பரடேயின் நிலை எளிதானதன்று. 1839ஆம் ஆண்டளவில் அவர் உடல்நிலை குலைந்தது, நினைவாற்றலும் தளர்ந்தது. முதல்நாட் செய்ததை மறுநாள் மறந்துவிடுவோம் என்று அஞ்சிய அவர், ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அப்பந்திகளின் தொகை 16,041 வரை சென்றது. கணிதத்தில் வாதிட அவரால் இயலவில்லை. வாதிட இயலாமையாற் கண்டதை மறுக்கவும் அவர் மனம் இசையவில்லை. 1845ஆம் ஆண்டிற் காந்தம் ஒளியின்மேற் செல்வாக்குச் செலுத்துவதைக் கண்டார். அவ்வாண்டிலேயே காந்தமண்டலம் என்னும் சொல் அவர் குறிப்பிற் புகுந்தது. அடுத்த ஆண்டில், ஒளியே விசைக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாம் என்று சபையோர் முன் கூறத் துணிந்தார். புவியீர்ப்புக்கும் மின்னுக்கும் தொடர்பு உண்டா என்று தேடிய அவர் சோதனைகள் பலன் தரவில்லை. அத்தோல்வியையும் மறையாமல் எழுதி வெளியிட்டார். தமக்குச் சாதகமானதை மட்டும் கூறி மற்றதை மறைப்பவராயிருந்தால், அவர் கூறிய விசைக்கோடுகளையும் பிற்காலத்தார் நம்பியிருக்க மாட்டார்கள்.

அவர் காத்திருந்தது வீண்போகவில்லை. ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் என்னும் இருபத்துநாலு வயது இளைஞர், பரடேயின் நூலை முதலிற் படித்து முடிக்கும்வரை கணித நூல்களைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு கற்றார். 1855ஆம் ஆண்டின் இறுதியில் விசைக்கோடுகளைக் கணித வடிவில் அமைக்கும் கட்டுரையை வாசிக்கத் தொடங்கினார். அதன் பிரதி கையிற் கிடைத்தபோது, தம் எண்ணம் அத்துணைக் கணிதச் சுமையையும் தாங்கி நின்றதை நோக்கிப் பரடே வியந்து மக்ஸ்வெலுக்குக் கடிதம் எழுதினார். 1865ஆம் ஆண்டில் மக்ஸ்வெல் வெளியிட்ட கட்டுரை, மின்னும் காந்தமும் சேர்ந்த அலை வெளியில் ஒளியின் வேகத்தோடு செல்லும் என்று காட்டிற்று. 1888ஆம் ஆண்டளவில் ஜேர்மனி தேசத்து ஹேர்ற்ஸ் அவ்வலையை ஆய்வுகூடத்திலே உண்டாக்கிக் காட்டினார். வானொலி அதிலிருந்து பிறந்தது.

துணிக்கைகளின்மேல் மண்டலத்தின் ஆட்சி

பரடே இட்ட வித்து வேறொரு திசையிலும் முளைத்தது. 1834ஆம் ஆண்டளவில் மின்பகுப்பு விதிகளை வகுத்தபோது, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெலின் உதவியோடு அனோட்டு, கதோட்டு, அயன் என்னும் சொற்களை வழக்கிற் கொண்டுவந்தார். ஓர் இடத்திலே ஓரலகு நேரேற்றத்தை வைத்தால் அதனைத் தாக்கும் விசையே அவ்விடத்து மின்மண்டலச் செறிவு என்று இன்று மாணவர் படிக்கின்றனர். நேரேற்றம் பெற்ற துணிக்கை மண்டலத்தின் திசையிலே தள்ளப்படும். மறையேற்றம் பெற்றது எதிர்த்திசையிலே தள்ளப்படும். ஏற்றம் மிகுந்தால் விசையும் மிகும்.

இவ்விதியைத் துணையாகக் கொண்டே 1897ஆம் ஆண்டில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டார். கதோட்டுக் கதிர்களை இரு தகடுகளுக்கிடையே செலுத்தியபோது அவை நேர்த்தகட்டை நோக்கி வளைந்தன. ஆகவே அவை மறையேற்றம் பெற்ற துணிக்கைகள் என்று தெளிந்தார். 1883ஆம் ஆண்டில் ஹேர்ற்ஸ் இதனையே முயன்றபோது கதிர் வளையவில்லை. குழாயில் எஞ்சியிருந்த வாயு மின்கடத்தியாகித் தகடுகளின் மண்டலத்தை மறைத்துவிட்டதே காரணம். பரடேயின் கூடு தன்னுள்ளே விசையை விடாதது போன்றதே அதுவும். தொம்சன் வாயுவை மேலும் வெளியேற்றிய பின்னரே உண்மை புலப்பட்டது.

எளிமையும் இறுதியும்

இத்தனை பெருமைக்கும் உரியவர் வாழ்வில் மிக எளியவராகவே இருந்தார். சேர் பட்டத்தை ஏற்கவில்லை. றோயல் சொசைற்றியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் மறுத்தார். சிறுவர்களுக்காக நத்தார்க் காலத்தில் விரிவுரைகள் நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே இரசாயனத்தை விளக்கிய அவர் பேச்சுக்கள் 1861ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அச்சபையிலிருந்த பிள்ளைகளெல்லாம் அவர் பிள்ளைகளாயினர்.

1858ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியார் ஹம்ரன் கோட் என்னுமிடத்தில் அவர் வசிக்க ஒரு வீட்டைக் கொடுத்தார். நினைவு மேலும் மேலும் மங்கிய நிலையில், மனைவியாரின் பராமரிப்பில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1867ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆம் நாள், தம் நாற்காலியில் அமர்ந்தபடியே அமைதியாக உயிர் நீத்தார். இங்கிலாந்தின் பெரியோர் பலர் துயிலும் வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்படவில்லை. அவர் விரும்பியவாறே ஹைகேற் மயானத்தில் எளிய கல்லொன்றின் கீழ்த் துயில்கின்றார்.

இளைஞர்களே, பரடேக்குக் கிடையாத பள்ளிகளும் நூல்நிலையங்களும் ஆய்வுகூடங்களும் உங்களிற் பலருக்குக் கிடைத்துள்ளன. அவரிடம் இருந்தவை கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையும், பிறர் ஏற்கும்வரை காத்திருக்கும் பொறுமையும், கையிற் கிடைத்த நூலைக் கருத்தோடு படிக்கும் ஊக்கமுமே. முதியோருக்கும் ஒரு சொல். நான்கு நுழைவுச் சீட்டுக்களைக் கொடுத்த டான்ஸ், பணம் வாங்காது தொழில் பழக்கிய ரீபோ ஆகியோரை உலகம் பரடேயின் பெயராலேயே அறிகின்றது. நம் ஊர்களிலும் ஏதேனுமொரு கடையின் பின்னறையிலே படித்துக்கொண்டிருக்கும் ஏழைச் சிறுவன் இருப்பான். அவனைக் கண்டறிந்து கைகொடுத்தல் நம் சங்கங்கள் செய்யத்தக்க நற்பணிகளுள் ஒன்றாகும்.